குரோட்டன் வந்த வழி

இலங்கையின் எப்பகுதியிலாயினும், பழைய வீடொன்றின் படலையைத் திறந்து உட்செல்பவரை முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் குரோட்டன் செடியேயாகும். வாயிற்படியின் இருமருங்கும் சீமெந்துச் சாடிகளில் அது நிற்கும். பாடசாலை முன்றிலிலும், புகையிரத நிலைய மேடையோரத்திலும், வாடிவீட்டுக்குச் செல்லும் கல்பரவிய பாதையின் இரு கரையிலும் அதனைக் காணலாம். விட்டால் ஆளுயரத்திற்கு மேல் வளரக்கூடிய செடியாயினும், கத்தரிக்குத் தப்பாமையால் இடுப்பளவிலேயே நின்றுவிடும். இயல்பாகவே முழங்காலளவில் அமையும் குறுஞ்சாதிகளும் உண்டு. மஞ்சளும் செம்மையும் செம்மஞ்சளும் கரும்பச்சையும் ஓர் இலையிலேயே கலந்திருக்கும். ஒரு கொப்பில் உள்ள இரண்டு இலைகள் தம்முள் ஒத்திருப்பது அரிது.

இத்துணை அழகிருந்தும் குரோட்டனுக்கு மதிப்பில்லை. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பூசைக்குப் பூக் கொடுக்கின்றன. முருங்கையும் கறிவேப்பிலையும் அடுக்களைக்கு உதவுகின்றன. பூவரசும் கிளுவையும் வேலிக்குக் கதியாலாகின்றன. குரோட்டனோ நிறத்தைத் தவிர வேறொன்றையும் தருவதில்லை. அதன் பூவைப் பார்த்தவர்கள் கூட அதனைப் பூவென்று எண்ணியிருக்கமாட்டார்கள். மெல்லிய ஈர்க்கு ஒன்றில் வெள்ளைப் பொட்டுகள் போல ஆண்பூக்களும், வேறோர் ஈர்க்கில் இதழே இல்லாத பெண்பூக்களும் தோன்றி, எவர் கண்ணிலும் படாமலே உதிர்ந்துவிடுகின்றன. பயனற்ற செடி என்பது குரோட்டனைப் பற்றி ஊரார் கூறும் முடிவு. அந்தப் பயனற்ற செடிக்காக மனிதர் எத்தனை கடல் கடந்தனர், எவ்வளவு பொன் செலவிட்டனர், யாருடைய உழைப்பை யாருடைய பெயரால் வழங்கினர் என்பதே அதன் வரலாறு.

முதலிற் பெயரை நோக்குவோம். குரோட்டன் என்பது அச்செடியின் உண்மைப் பெயரன்று. கிரேக்க மொழியில் அச்சொல் உண்ணியைக் குறிக்கும்; மாட்டின் காதோரத்தில் இரத்தங் குடித்துப் பருத்திருக்குமே, அதே உண்ணிதான். ஆமணக்கு விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால், பழைய கிரேக்கர் ஏன் அதற்கும் அப்பெயரை இட்டனர் என்பது விளங்கும். பிற்காலத் தாவரவியலாளர் ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் இனத்திற்கு அப்பெயரைச் சூட்டினர். நம் மருத்துவர் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளம் அவ்வினத்தைச் சேர்ந்தது. எனவே, மெய்யான குரோட்டன் நேர்வாளமே. முற்றத்துச் செடி அதற்கு உறவுமுறையில் ஒன்றுவிட்ட தம்பி எனலாம். மரவள்ளியும் இறப்பரும் கூட அந்தக் குடும்பத்தவையே.

சுவீடன் நாட்டு லின்னேயஸ், உலகத்துத் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் இட்ட தமது பெருநூலை 1753 ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, நம் செடியையும் குரோட்டன் இனத்திலேயே அடக்கினார். 'பல நிறமுடைய குரோட்டன்' என்பது அவர் இட்ட பெயரின் பொருள். பின்னர், 1824 இல், பிரான்சு நாட்டு அட்ரியன் டி யூசியூ ஆமணக்குக் குடும்பத்தை ஆராய்ந்து, இது வேறினம் என்று கண்டு, அதற்குக் 'கோடியேயம்' என்ற பெயரை நிலைநாட்டினார். ஆராய்ச்சியாளர் திருத்திக்கொண்டனர், தோட்டக்காரர் திருத்திக்கொள்ளவில்லை. இரண்டு நூற்றாண்டுகளாகியும் உலகமெங்கும் அது குரோட்டன் என்றே அழைக்கப்படுகின்றது.

கோடியேயம் என்ற சொல் இலத்தீன் உடை உடுத்தியிருப்பினும் பிறப்பால் இலத்தீன் அன்று. 'கோடிஹோ' என்பது மொலுக்காஸ் தீவுகளில் அச்செடிக்கு வழங்கிய பெயர். கராம்பும் சாதிக்காயும் விளையும் அத்தீவுகள் இந்தோனீசியாவின் கீழ்த்திசையில் உள்ளன. அந்தத் தீவு மக்களின் சொல்லை ஏட்டில் ஏற்றி அழியாது காத்தவர் ரும்பியஸ் என்னும் செருமானியர்.

கேயோர்க் எபர்ஹாட் ரும்பியஸ் 1627 இற் பிறந்தவர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியிற் சேர்ந்து அம்பொன் தீவை அடைந்தவர், தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார். கம்பனிக்கு வாசனைத் திரவியக் கணக்கு எழுதுவது அவர் தொழில். தீவின் மரஞ்செடி கொடிகளை எழுதுவது அவர் வாழ்வு. அவருடைய மனைவி சுசானாவும் செடி தேடுவதில் அவருக்குத் துணையாக இருந்தார்.

1670 இல் ரும்பியஸின் கண்ணொளி அவிந்தது. நாற்பத்துமூன்று வயதுதான். நான்காண்டுகள் செல்லுமுன், 1674 பெப்ரவரி 17 ஆந் திகதி, சீனர்களின் புத்தாண்டு நாளிரவில் நிலம் நடுங்கிச் சுவர் விழுந்து, சுசானாவும் ஒரு மகளும் மாண்டனர். மனைவியின் நினைவாக வெண்ணிற ஒர்க்கிட் மலர் ஒன்றிற்கு அவர் சுசானாவின் பெயரை இட்டார். அப்பெயர் இன்றும் தாவரவியலில் வழங்குகின்றது. அதன் பின்னரும் அவர் நூலை விடவில்லை. தாம் கண்ணால் இறுதியாகக் கண்ட இலைகளையும் பூக்களையும் நினைவிலிருந்து சொல்ல, எழுத்தர்கள் எழுதினர். 1687 இல் நகரிற் பற்றிய தீயிற் படங்கள் எரிந்தன. மீண்டும் வரைவிக்கப்பட்டன. 1692 இல் கையெழுத்துப் பிரதியின் முதற்பகுதியை ஏற்றிச் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் தாக்கி மூழ்கடித்தனர். பத்தாவியாவிலிருந்த ஆள்பதி காம்பெய்ஸ் முன்யோசனையாக ஒரு படியெடுத்து வைத்திருந்தமையாலேயே நூல் பிழைத்தது. இவ்வளவு துன்பத்திற்கும் பின்னர் நூல் ஒல்லாந்தை அடைந்தபோது, கம்பனியார் அதனை அச்சிட விடவில்லை. வாசனைத் திரவியத் தீவுகளைப் பற்றிய செய்தி போட்டியாளர் கைக்குப் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். ரும்பியஸ் தமது நூலை அச்சிற் காணாமலே 1702 இல் இறந்தார்.

அந்நூல் 1741 முதல் 1750 வரை அம்ஸ்டர்டாம் நகரிற் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதனைப் பதிப்பித்த யோகான்னஸ் பர்மன் இலங்கைக்குப் புதியவர் அல்லர். 1737 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டவரும் அவரே. அவ்வேலையில் அவருக்கு உதவியாக 1735 இல் அவர் வீட்டிற் தங்கியிருந்தவர் இளைஞரான லின்னேயஸ். ஆக, மொலுக்காஸ் தீவுச் செடிகளும் இலங்கைச் செடிகளும் அம்ஸ்டர்டாமில் ஒரே மேசையின்மேற் சந்தித்தன எனலாம்.

ரும்பியஸ் எழுதிய ஏறக்குறைய 1,200 செடிகளுக்கும் உலர்ந்த மாதிரிகள் இல்லை. சொல்லும் படமுமே உள்ளன. அவர் கூறும் செடி இன்றைய எச்செடி என்று அறிய, சார்ள்ஸ் பட் ரொபின்சன் என்னும் தாவரவியலாளர் 1913 இல் அம்பொன் சென்றார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், அவரைத் தலைவேட்டைக்காரர் என்று ஐயுற்ற கிராமத்தவர் அவரைக் கொன்றனர். மலாய் மொழியிற் தேங்காய்க்குக் 'கெலாப்பா' என்று பெயர். தலைக்குக் 'கெப்பாலா' என்று பெயர். தேங்காய் பறித்துத் தருமாறு கேட்க எண்ணியவர் சொல் தடுமாறித் தலையைக் கேட்டுவிட்டார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, சேகரித்த செடிகள் மிஞ்சின. அவற்றைக் கொண்டு மெரில் என்பார் 1917 இல் ரும்பியஸின் நூலுக்கு விளக்கவுரை எழுதி முடித்தார்.

இனி, கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. குரோட்டனுக்கு இந்நிறங்கள் எவ்வாறு வந்தன? மொலுக்காஸ் முதல் அவுஸ்திரேலியாவின் வடகீழ்க்கரை வரையும், அப்பால் பசிபிக் தீவுகள் வரையும், குரோட்டன் காட்டுச் செடியாக வளர்கின்றது. காட்டில் வளர்வது பெரும்பாலும் பச்சையிலைச் செடியே. சூரிய ஒளியை உண்டு வாழும் செடிக்குப் பச்சையம் உணவுக்கலம். இலையிற் பாதியை மஞ்சளாக்கிக்கொண்ட செடி, தன் உணவுக்கலத்திற் பாதியைக் கவிழ்த்துவிட்ட செடியாகும். காட்டின் போட்டியில் அது பச்சைச் செடிகளுக்குத் தோற்றுப்போகும். அன்றியும், பலநிறக் குரோட்டனின் விதையை நட்டால், எழும் நாற்று தாயை ஒத்திராது. அந்நிறத்தை அப்படியே காக்கவேண்டுமானால் வழி ஒன்றே: கொப்பை வெட்டி நடவேண்டும். வெட்டி நட ஒருவர் கை வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகின்றது. ஐரோப்பியர் ஒருவர் ஒரு தீவுக் கிராமத்தில் மஞ்சளும் செம்மையுமான குரோட்டனைக் கண்டாராயின், அவருக்கு முன்னர் அத்தீவில் ஒருவர் அந்நிறத்தைக் கண்டு, விரும்பி, ஒடித்து, நட்டுக் காத்திருந்தார் என்பதே பொருள். அவருடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் அவ்வாறே செய்தனர். பசிபிக் தீவுகள் பலவற்றிற் குரோட்டன் வெறும் அலங்காரச் செடியன்று. புதைகுழியருகில் நடப்படும், தோட்டங்களின் எல்லையைக் காட்டும், ஆடவர் கூடும் பொதுமனைகளின் முன் நிற்கும், கூத்தாடுவோர் இடையிலும் கையிலும் அதன் இலையைச் செருகிக்கொள்வர். எந்த நிறம் எவ்விடத்திற்கு உரியது என்பது அவர்களுக்குத் தெரியும். எழுத்தறியாத அம்மக்கள் பெயர்ப்பலகை எழுதி நாட்டவில்லை. அதனாலேயே குரோட்டனின் முதல் தோட்டக்காரர் எவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை.

பெயர்ப்பலகை நாட்டியவர்கள் பின்னர் வந்தனர். அவர்கள் வருவதற்கு முன் ஒரு சிறு கண்டுபிடிப்பு நிகழவேண்டியிருந்தது. உயிருள்ள செடியைக் கப்பலில் மாதக்கணக்கிற் கொண்டுசெல்வது அக்காலத்தில் எளிதன்று. மேற்றளத்தில் வைத்தால் உப்புநீர் தெறித்துக் கருகும்; கீழே வைத்தால் ஒளியின்றி வாடும்; குடிநீர் குறைந்த கப்பலிற் செடிக்கு நீர் ஊற்ற மாலுமிகள் இசையமாட்டார்கள். அனுப்பியவற்றுள் மிகப் பெரும்பகுதி வழியிலேயே மடிந்தது.

இலண்டன் மாநகரின் கீழைப் பகுதியில், ஆலைப்புகை சூழ்ந்த இடத்தில், நதானியேல் வாட் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். செடிகளில் ஆசை மிக்கவர். அவர் முற்றத்திலோ புகையால் ஒன்றும் வளரவில்லை. 1829 இல் அவர் அந்துப்பூச்சியொன்றின் கூட்டுப்புழுவை ஈரமண்ணிற் புதைத்து, கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடிவைத்தார். பூச்சியைக் காணக் காத்திருந்தவர் கண்டது, மண்ணிலிருந்து முளைத்த ஒரு சிறு பன்னத்தையும் புல்லையும். பகலில் மண்ணிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியிற் படிந்து, மீண்டும் மண்ணுக்கே நீராய் இறங்கியது. வெளியிலிருந்து ஒரு துளி நீரும் வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் வளர மறுத்த பன்னம் மூடிய போத்தலுக்குள் வளர்ந்தது. வாட் அதனைப் பெரிதாக்கிக் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். 1833 இல் இரண்டு பெட்டிகளைச் செடிகளுடன் சிட்னிக்கு அனுப்பினார், செடிகள் பிழைத்தன. அங்கிருந்து வேறு செடிகளுடன் பெட்டிகள் திரும்பின, அவையும் பிழைத்தன.

இப்பெட்டி நம் நாட்டின் வரலாற்றையே மாற்றியது. 1876 இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 இறப்பர் நாற்றுகள் இத்தகைய பெட்டிகளில் இலங்கைக்கு வந்து, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. தேயிலைச் செடிகளைச் சீனத்திலிருந்து இந்தியாவுக்குக் கடத்தி வந்ததும் இதே பெட்டியே. இறப்பரும் தேயிலையும் செல்வச் செடிகள். அவற்றின் பயணத்தைச் சரித்திர ஆசிரியர்கள் எழுதிவைத்தார்கள். அதே பெட்டியின் மூலையில் அலங்காரச் செடிகளும் பயணஞ் செய்தன என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

பிரித்தானியாவில் 1845 இற் கண்ணாடி வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது, செல்வரின் மாளிகைதோறும் கண்ணாடி மனைகள் எழுந்தன. நிலக்கரி எரித்து, குழாய்களில் வெந்நீர் ஓடவிட்டு, பனிக்காலத்திலும் கோடையின் வெம்மையை அங்கே நிலைநிறுத்தினர். பூ சில நாட்களில் வாடிவிடும். நிறமுள்ள இலையோ ஆண்டு முழுவதும் இருக்கும். நிலக்கரிக்குச் செலவிட்ட பணத்திற்குப் பன்னிரண்டு மாதமும் பலன் காண விரும்பிய செல்வர்கள் இலையழகில் மோகங்கொண்டனர். அழகிய இலையுடைய செடிகளைப் பற்றி மட்டுமே எழுதப்பட்ட வண்ணப்பட நூல்கள் வெளிவரத் தொடங்கின. லோவும் ஹவாட்டும் இயற்றிய அத்தகைய நூலொன்று 1861 இல் வெளிவந்தது.

இம்மோகத்திற்குச் சரக்குத் தேடிப் புறப்பட்டவருள் ஒருவர் யோன் கூல்ட் வீச். இலண்டன் செல்சிப் பகுதியிற் பெயர்பெற்றிருந்த வீச் நாற்றுமேடைக் குடும்பத்தில் 1839 இற் பிறந்தவர். இருபத்தோராவது வயதில் யப்பானுக்குச் சென்று செடிகள் சேகரித்தவர். 1864 இல் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு, தென்கடல் தீவுகளைச் சுற்றிவரப் புறப்பட்ட 'கியூராசோ' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் அவருக்கு விருந்தினராக இடங்கிடைத்தது. சமோவா, தொங்கா, பிஜி, நியூ எப்ரைட்ஸ், சொலமன் எனத் தீவு தீவாக அக்கப்பல் சென்றது. நியூ எப்ரைட்ஸ் இன்று வனுவாத்து என்ற பெயருடன் தனிநாடாக விளங்குகின்றது.

கப்பல் சென்றது செடி பறிப்பதற்கன்று. தீவு மக்கள் மீது மதபோதகர்களும் வணிகரும் கூறிய முறைப்பாடுகளை விசாரித்துத் தண்டிப்பதும் அதன் தளபதி வைஸ்மனுக்கு இடப்பட்ட பணியாகும். 1865 ஆகஸ்ட் மாதத்தில் நியூ எப்ரைட்ஸைச் சேர்ந்த தானாத் தீவின் துறைமுகக் கிராமங்களின் மீது கியூராசோவின் பீரங்கிகள் குண்டுகளைப் பொழிந்தன. படையினர் கரையிறங்கிக் குடிசைகளையும் தோட்டங்களையும் அழித்தனர். இச்செயலை அவுஸ்திரேலியாவிலேயே பலர் கண்டித்தனர். கப்பலை வரவேற்ற போதகர் பேட்டன் நெடுங்காலம் அப்பழிச்சொல்லைச் சுமக்கவேண்டியிருந்தது. கப்பலிற் சென்ற மற்றொரு விருந்தினராகிய பிரெஞ்லி என்பார் அப்பயணத்தைப் பற்றி 1873 இல் பெரிய நூலொன்றே எழுதினார்.

குண்டெறிந்த கையும் செடி பறித்த கையும் ஒன்றல்ல. வீச் ஒரு வணிகர் மகன். பீரங்கிக்கு அவர் கட்டளையிடவில்லை. எனினும் ஒரே கப்பல் ஒரே பயணத்தில் ஒரு தீவினரின் தோட்டங்களை அழித்துவிட்டு, தீவுகளின் தோட்டச் செடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பியது என்பதை மறைத்துக் குரோட்டனின் வரலாற்றை எழுதுதல் முறையாகாது.

1866 இல் வீச் இங்கிலாந்து மீண்டார். அவர் கொணர்ந்த குரோட்டன்கள் கண்ணாடி மனைகளிற் புதுமையாயின. அதற்கு முன்னரும் ஐரோப்பாவில் ஓரிரு குரோட்டன்கள் அறியப்பட்டிருந்தன. ஆயின் இத்தனை வடிவங்களை எவரும் கண்டதில்லை. கத்திபோல் நீண்ட இலை, திருகுசுருளாக முறுக்கிய இலை, கொம்பு முளைத்தாற்போல் நுனியில் நரம்பு நீண்ட இலை ஆகியன வந்தன. நடுவில் வெறும் நரம்பு மட்டுமே ஈர்க்காக நின்று, அதன் முனையில் இரண்டாவது இலை தொங்கும் விந்தைச் செடியும் வந்தது. அவற்றை ஒன்றோடொன்று கலந்து இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் நாற்றுமேடைக்காரர்கள் புதுச் சாதிகளை உண்டாக்கினர். அவ்வுழைப்பும் மெய்யான உழைப்பே. வீச் தம் செடிகளின் புகழை நெடுநாள் காணவில்லை; 1870 இல், முப்பத்தொரு வயதிற் காசநோயால் இறந்தார். பசிபிக் தீவுகளின் பனையினம் ஒன்று அவர் குடும்பத்தின் பெயரால் இன்றும் 'வீச்சியா' எனப்படுகின்றது.

புதுச் சாதிகளுக்குப் பெயர் வேண்டுமன்றோ? ஒன்றிற்கு விக்டோரியா மகாராணியின் பெயர் இடப்பட்டது. ஒன்று பிரதமர் டிஸ்ரேலி ஆயிற்று. இன்னொன்று ரொத்சைல்ட் பிரபு. தீவொன்றின் புதைகுழியருகில் நின்ற செடியின் பேரப்பிள்ளை, இலண்டனில் ஒரு வங்கிக்காரரின் பெயருடன் பரிசு பெற்றது. நாற்றுமேடைப் பட்டியல்களில் இப்பெயர்கள் இன்றும் இருக்கின்றன. கோடிஹோ என்று முதலில் அழைத்தவர்களின் சொல், தாவரவியல் நூலைத் திறப்பவர்க்கு மட்டும் எஞ்சியது.

வெப்பநாட்டிற் பிறந்து குளிர்நாட்டிற் கண்ணாடிக்குள் வாழ்ந்த செடி, மீண்டும் வெப்பநாடுகளுக்குப் பரந்தது. நம் நாட்டிற் பேராதனைப் பூந்தோட்டம் 1821 இல் அலெக்சாந்தர் மூன் காலத்தில் நிறுவப்பட்டது. அத்தகைய அரசாங்கத் தோட்டங்கள் பேரரசின் அஞ்சல் நிலையங்கள் போல ஒன்றுக்கொன்று செடி அனுப்பிக்கொண்டன. பேராதனையிற் பல்லாண்டு பணியாற்றிய மாக்மில்லன் 1910 இல் வெளியிட்ட வெப்பநாட்டுத் தோட்டக் கைந்நூல், இலங்கை கடந்தும் தோட்டக்காரர்க்கு வழிகாட்டியாயிற்று. இலண்டனில் நிலக்கரி எரித்து வளர்க்கப்பட்ட செடி இங்கே ஒரு செலவுமின்றித் தடியை ஊன்றிய இடத்திற் தழைத்தது. அதனாலேயே அதன் மதிப்பும் குறைந்தது. துரையின் பங்களாவிலிருந்து தோட்டக்காரனின் குடிலுக்கும், அங்கிருந்து வேலிக்கு மேலாக அயல் வீட்டுக்கும், ஒவ்வொரு கொப்பாக அது நடந்துசென்றது. விலைகொடுத்துக் குரோட்டன் வாங்கினோரைக் காட்டிலும் ஒடித்துக்கொண்டு போனோரே அதிகம்.

ஒடித்து நடும் முறை யாவரும் அறிந்ததே எனினும், அதிற் பிழைவிடுவாரும் உளர். பென்சில் அளவு தடித்த கொப்பை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, அடியிலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் நிழலான இடத்தில் ஊன்றவேண்டும். வெட்டுவாயிற் கசியும் சாறு சிலர்க்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். கண்ணிற் படாமற் காத்தல் நன்று. சிறுவர் இலையைச் சுவைக்க விடலாகாது. அரிய சாதியாயின் வெட்டி நட்டு இழப்பதிலும் செடியிலேயே பதிவைத்தல் நலம். கொப்பிற் பட்டையை ஒரு வளையமாக நீக்கி, நனைத்த தும்புச்சோற்றை அவ்விடத்திற் பொதிந்து கட்டினால், சில வாரங்களில் வேர் வெளிப்படும். அதன் பின் வெட்டி நடலாம். வேர்விட்ட செடிக்கு நீர் வேண்டும், ஆயினும் அடியில் நீர் தேங்கலாகாது. வரண்ட காற்று வீசும் காலத்தில் இலையின் அடிப்புறத்திற் சிற்றுண்ணிகள் பற்றும். உண்ணியின் பெயரைத் தாங்கிய செடியை உண்ணியே வாட்டுவது ஒரு வேடிக்கை. இலையின் இருபுறமும் படும்படி நீரை விசையாகத் தெளித்தால் அவை பெரிதும் ஒழியும்.

நிழலில் வைத்த குரோட்டன் நிறம் மங்கிப் பச்சையாகின்றது என்று பலர் குறைகூறுவர். செடியின்மேற் குற்றமில்லை. ஒளி குறைந்த இடத்தில் அது தன் உணவுக்கலத்தைப் பெருக்கிக்கொள்கின்றது. வெயிலுக்கு மாற்றினால் அடுத்துவரும் இலைகளிற் செம்மையும் மஞ்சளும் மீளும். தளிர் பச்சையாகவோ மஞ்சளாகவோ தோன்றி, முதிர முதிரச் சிவப்பேறுவதும் பல சாதிகளின் இயல்பு.

சிற்சில வேளைகளில் வேறொன்று நிகழும். ஒரு செடியின் ஒரேயொரு கொப்பு மட்டும் மற்றவற்றினும் வேறான நிறத்துடன் தளிர்க்கும். நுனிக்குருத்தின் உயிரணு ஒன்றில் ஏற்பட்ட மாற்றம் அக்கொப்பு முழுவதையும் மாற்றிவிடுகின்றது. மொலுக்காஸ் தீவிலும் தானாவிலும் பெயரறியா ஒருவர் கண்ணிற் பட்டதும் இத்தகைய கொப்பே. அக்கொப்பு அழகியதாயின் வெட்டி வேறாக நடவேண்டும். வேரூன்றினால் அது புதுச் சாதி. மாறாக, நிறமுள்ள செடியின் நடுவே முழுப் பச்சையான கொப்பொன்று எழுமாயின், அது காட்டுக்குத் திரும்பும் கொப்பு. முழு உணவுக்கலமுடைய அது மற்றக் கொப்புகளிலும் விரைந்து வளரும். விட்டுவைத்தால் இரண்டொரு மழைகாலத்திற் செடி முழுவதும் பச்சையாகிவிடும். கண்ட அன்றே அதனை அடியோடு நறுக்கிவிடல் வேண்டும்.